ஏழாம் வரிசை மஞ்சள்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே ஒரு நிமிடம் முழிப்பார்.

இருபத்திரண்டு வயதில் இயந்திர அறையைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்தவள் அவள். அறைகளைக் குளிர வைக்கும் இரண்டு பெரிய கம்ப்ரசர்கள் அங்கே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக உள்ளே வருபவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவள் மட்டும் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வந்த ஏழாம் மாதத்தில் ஒருநாள், "ஒண்ணாம் நம்பருக்கு இன்னிக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்றாள். சிரித்தார்கள். மாலையில் அந்த இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு நின்றபோது சிரிப்பும் நின்றுபோனது.

அதன்பிறகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரே கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இவள் வாசற்படியில் நின்றே சொல்லிவிடுவாள். ஐந்தே வருடத்தில் துடைப்பம் போய் ஆபரேட்டர் நாற்காலி வந்தது. பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

முப்பத்தெட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் கண்ணைத் திறந்தபோது கணவரின் வாய் அசைவது தெரிந்தது, ஆனால் குரல் வரவில்லை. அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸ் ஒரு தட்டைத் தவறவிட்டாள். தட்டு சுழன்று சுழன்று அடங்கியது. அதிலும் சத்தம் இல்லை.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கணவர் முதலில் படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் கை நீட்டினாள். அவர் தரவில்லை. அவளாகவே எடுத்துப் படித்தாள். இரண்டு காதின் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது, கேட்கும் திறன் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில்தான் கடை. அவள் பேச்சு பழையபடியே இருந்தது, அதன் அளவு மட்டும் அவள் கையை விட்டுப் போய்விட்டது. தண்ணீர் கேட்டால் தெருவுக்கே கேட்கும். மனதில் இருப்பதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் குறை என்று அர்த்தம், நிமிர்த்தி உயர்த்தினால் கூட்டு என்று அர்த்தம். தைத்துக்கொண்டே ஒரு கையால் அவளுடைய குரலை ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். உதடுகளைப் படித்துப் புரிந்துகொள்ள அவள் பழகியிருந்ததால் அவர் மெதுவாக, வாயை அகலத் திறந்து பேசினார்.

"பேக்கிங் பக்கம் வந்துடும்மா. லேபிள் ஒட்டுற வேலை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. கசிந்தால் உயிரை வாங்கும் அம்மோனியா வாயு ஓடும் அறையில், மணி அடித்தால்கூடக் கேட்காத ஒருத்தியை எப்படி உட்கார வைப்பது? அவளுக்கும் அது தெரியும். போய் லேபிள் ஒட்டினாள். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, விவரம் தெரியாமல், "காதக்காவுக்கே காது கேக்காதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அது காதில் விழுந்தது மற்றவர்களுக்குத்தான். ஆனால் எல்லோருடைய முகமும் ஒரேயடியாகத் தொங்கிப்போனதைப் பார்த்து இவளும் புரிந்துகொண்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது இயந்திர அறைக்குள் நுழைந்தாள். ஸ்குரூ டிரைவரை இரண்டாம் நம்பர் கம்ப்ரசரின் மேல் ஊன்றி, கைப்பிடியைப் பற்களால் கடித்துக்கொண்டாள். தாடை முழுவதும் அதிர்ந்தது. அவ்வளவுதான். எது பிஸ்டன், எது வால்வு, எது மோட்டார் என்று ஒன்றும் பிரியவில்லை. கடித்த வாயோடு திரும்பியபோது வாசலில் பிட்டர் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பார்க்காதவர் போலத் திரும்பிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அன்று வீட்டில் சொன்னாள்.

கணவரின் தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி அறையைக் கவனித்துக்கொள்பவன். ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன மின்னணுச் சாமான்களைக் கோத்துப் பிரிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அண்ணிக்கு மனசு மாறட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை. அதன் தலையில் தொப்பி போலச் செருகும் இன்னொரு சிறு பலகை. அதில் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு என்று அறுபத்து நான்கு குட்டி விளக்குகள். ஒவ்வொன்றும் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் எரியும். அவன் அதில் மீன் நீந்துவதுபோலவும் மழை பெய்வதுபோலவும் செய்து காட்டினான்.

அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இது சத்தத்தக் காட்டுமா?"

கொழுந்தன் புரியாமல் பார்த்தான்.

"மிஷின் சத்தம். தடதடங்கிறது ஒரு பக்கம், கீச்சுனு கத்துறது இன்னொரு பக்கம். பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுமா?"

"காட்டும் அண்ணி. ஆனா ரொம்ப..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து, "காட்ட வச்சிடலாம்" என்று முடித்தான்.

அடுத்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. காந்தத்தால் இரும்பில் ஒட்டிக்கொள்ளும் ஓர் அதிர்வு சென்சார், அதிலிருந்து மூன்று மீட்டர் ஒயர், ஒயரின் மறுமுனையில் அந்தக் கணினி. சென்சார் உணரும் அதிர்வைக் கணினி எட்டாகப் பிரிக்கும். இடது ஓரத்து வரிசை கனத்த அடிச் சத்தம், வலது ஓரத்து வரிசை கூர்மையான கீச்சு. சத்தம் கூடக் கூட அந்த வரிசையில் விளக்குகள் கீழிருந்து மேலே ஏறும். முதலில் எல்லா வரிசையும் பச்சையாகவே எரிந்ததில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கணவர்தான் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து மேசையில் எட்டுக் கண்டுகளை அடுக்கினார். நீலத்தையும் பச்சையையும் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரியும் என்று தலையசைத்து மாற்றி மாற்றி வைத்தார். அந்த அடுக்கின்படியே நிறங்கள் அமைந்தன. ஏழாவது வரிசைக்கு மஞ்சள். விளக்குகள் கண்ணைக் குத்தியதால் மேலே வெள்ளை லைனிங் துணியை ஒட்டினார். கழுத்தில் மாட்டிக்கொள்ள வாருடன் ஒரு பையும் தைத்துக் கொடுத்தார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. கொழுந்தன் எழுதிய நிரலில் எந்த வரியை மாற்றினால் எந்த வரிசை எவ்வளவு உயரும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, தானே மாற்றக் கற்றாள். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசர்களில் சென்சாரை ஒட்டி, அவை நன்றாக ஓடும்போது எப்படித் தெரிகின்றன, சுமை ஏறும்போது எப்படித் தெரிகின்றன என்று வரைந்து வைத்தாள். ஒரு நோட்டு முழுவதும் கட்டங்கள்.

அந்த நோட்டோடு மேனேஜரின் முன்னால் போய் நின்றாள். அவர் விளக்குகளைப் பார்த்தார்.

"இது விளையாட்டுச் சாமான்மா."

"ஆமா சார். ஒரு மாசம் விளையாடிப் பாக்குறேன்."

அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் முப்பது நாள் கொடுத்தார். பிட்டர் அதே ஷிப்டில் இருக்க வேண்டும், அபாய மணியோடு சேர்ந்து எரியும்படி அவள் நாற்காலிக்கு எதிரே ஒரு சுழல்விளக்கும் பொருத்த வேண்டும் என்பது நிபந்தனை. முப்பதாம் நாள் பிட்டர் நல்லபடியாகச் சொன்னால் நாற்காலி அவளுக்கு. இல்லாவிட்டால் லேபிள்.

இருபத்து நான்கு நாள் வம்பில்லாமல் போனது. இருபத்தைந்தாம் நாள் காலையில் இரண்டாம் நம்பரின் ஏழாவது வரிசையில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. அவளுடைய நோட்டில் அந்த இடம் எப்போதும் காலியாகத்தான் இருந்தது. புள்ளி எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மாலைக்குள் இரண்டு புள்ளி. மறுநாள் நான்கு.

"அண்ணே, கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று பிட்டரைக் கூப்பிட்டாள்.

அவர் ஸ்குரூ டிரைவரை ஊன்றி மூன்று இடத்தில் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "சுத்தமா ஓடுதும்மா. சொல்லப்போனா ஒண்ணாம் நம்பர விட இது தேவல."

"வால்வு தட்டு விரிசல் விட்டாக்க இப்படித்தான் கீச்சுனு வரும்."

"வரும். ஆனா வந்தா எனக்குக் கேக்கும்ல?"

கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் காதை நம்புவதா, தன் விளக்கை நம்புவதா என்று அன்று பூராவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விரிசல் விட்ட தட்டு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் இயந்திரமே வெடித்துச் சிதறக்கூடும். அதே சமயம் ஒன்றுமில்லாததற்கு நிறுத்தச் சொன்னால் அவளுடைய கதை அதோடு முடிந்தது.

இருபத்தேழாம் நாள், காலை ஒன்பதரை மணி. ஏழாவது வரிசை உச்சிவரை ஏறி நின்றது. அது இப்போது விட்டுவிட்டு எரியவில்லை. கீழிருந்து மேல்வரை ஒரே மஞ்சள் கோடு. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய் இரண்டாம் நம்பரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மேனேஜர் ஓடிவந்தார். அவர் வாய் படபடவென்று அசைந்ததில் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. "யாரக் கேட்டு..." என்பதும், "வண்டி நிக்குது" என்பதும் புரிந்தன. மூன்றாம் அறையிலிருந்து உறைந்த மீன் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருக்கும்போது ஒரே இயந்திரம் எத்தனை அறையைத்தான் தாங்கும்?

"தொறந்து பாருங்க சார். உள்ள தட்டு போயிருக்கு" என்றாள்.

பிட்டர் அவளையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். வால்வுகளை அடைத்து, வாயுவை வெளியேற்றி, தலைப்பகுதியைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் மேனேஜர் அறைகளின் வெப்பமானியைப் பார்க்கப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. அவள் சுவரோரம் நின்று பிட்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிட்டர் வால்வு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுற்றிலும் தடவினார். பிறகு அவற்றை அவள் கையிலேயே கொடுத்தார். கண்ணாடி போல இருந்தன. கீறல்கூட இல்லை.

"புதுசு மாதிரி இருக்கும்மா" என்றார் மெதுவாக. அவர் குரலின் மென்மை அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணில் தெரிந்தது.

மேனேஜர் பிட்டரின் பக்கம் திரும்பினார். கழற்றியதை மாட்டச் சொல்லிக் கைகாட்டினார். அவளைப் பார்த்து, பேக்கிங் பகுதி இருக்கும் திசையில் தலையை அசைத்தார். அவ்வளவுதான். திட்டுவதற்கு வாய் திறந்திருந்தால் உதட்டைப் படித்தாவது பதில் சொல்லியிருப்பாள்.

பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தன் பையை நோக்கி நடந்தாள். பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கருவியை அணைக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

ஏழாவது வரிசை எரிந்துகொண்டிருந்தது. உச்சிவரை, மஞ்சளாக.

இரண்டாம் நம்பர் தலையில்லாமல் திறந்து கிடக்கிறது. பிறகு எதனுடைய சத்தம் இது? சென்சார் எங்கே என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். தலைப்பகுதியைக் கழற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று பிட்டர் அதைப் பிய்த்து, பின்னால் போகும் குழாயின் மேல் ஒட்டி வைத்திருந்தார். அறைகளுக்குள் படியும் உறைபனியைக் கரைப்பதற்காகச் சூடான அம்மோனியா வாயுவைக் கொண்டுபோகும் குழாய் அது. இரண்டு கம்ப்ரசருக்கும் பொதுவானது.

சத்தம் இயந்திரத்தில் இல்லை. குழாயில் இருந்தது. குழாய் வழியாக இயந்திரத்துக்கு வந்திருந்தது.

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சென்சாரை எடுத்துக் குழாயில் இரண்டடி தள்ளி ஒட்டினாள். ஆறாவது வரிசையும் கொஞ்சம் ஏறியது. இன்னும் நான்கடி. எட்டாவதும் சேர்ந்துகொண்டது. குழாய் மேலே ஏறிச் சுவரை நோக்கிப் போனது. ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேனேஜர் கீழே வந்து நின்று கையை ஆட்டினார். வாய் அசைந்தது. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்க்காவிட்டால் கேட்காது. அந்த ஒரு வசதி அவளுக்கு இப்போது இருந்தது.

குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சென்சாரை ஒட்டியதும் வலது பக்கத்து மூன்று வரிசையும் முழுசாக எரிந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் அறை.

பையை ஏணிக்குப் பக்கத்தில் இருந்த கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினாள். "அண்ணே, கொழாய் எங்கயோ உரசுது! சுவத்துக்கு அந்தப் பக்கம்! டார்ச்ச எடுத்துட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். பிட்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிட்டர் டார்ச்சை எடுத்தார்.

மூன்றாம் அறைக்குள் மூச்சு புகையாகத் தெரிந்தது. லோடு ஏற்றும் பெண்கள் ஐந்து பேர், அவர்களுக்கு மேஸ்திரியாக ஒருத்தி. தடித்த கோட்டும் தொப்பியுமாக எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க! இப்பவே!"

குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருத்தி பயந்து பெட்டியைக் கீழே போட்டாள். இன்னொருத்தி சிரித்தாள். மேஸ்திரி பக்கத்தில் வந்து, "நாப்பது பொட்டிதான்க்கா பாக்கி. ஏத்திட்டு வந்துடறோம்" என்றாள்.

"நாப்பதும் வேணாம், நாலும் வேணாம். உன் கால்ல விழறேன், வெளிய கூட்டிட்டுப் போ."

மேஸ்திரி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். பெண்கள் கைவண்டிகளை விட்டுவிட்டு வரிசையாக வெளியே வந்தார்கள். காதக்கா கதவருகே நின்று எண்ணினாள். மேஸ்திரியையும் சேர்த்து ஐந்துதான் வந்தது.

"ஒண்ணு கொறையுது!"

மேஸ்திரியும் எண்ணினாள். கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒருத்தி பெட்டிகளின் சீட்டு எண்களைச் சரிபார்க்கப் போயிருந்தாள். தொப்பி காதை மூடியிருந்ததால் விசில் கேட்கவில்லை. மேஸ்திரி உள்ளே ஓடினாள். பிட்டர் ஏற்கெனவே உள்ளே ஏணி போட்டுக் குழாயின் பக்கம் ஏறிக்கொண்டிருந்தார். காதக்கா கதவருகிலேயே நின்றாள். உள்ளே யாராவது கத்தினால்கூட அவளுக்குத் தெரியப்போவதில்லை. கண்ணை இமைக்காமல் அடுக்குகளின் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கோட்டுகள் அந்த இடைவெளியில் தெரிந்தன. மேஸ்திரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதே நேரம் பிட்டரின் டார்ச் ஓர் இடத்தில் நின்றது. குழாயைத் தாங்கும் வளையம் உடைந்து தொங்கியது. அது எப்போது உடைந்ததோ, குழாய் சரிந்து இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் உரசி உரசி, மேலுறையைக் கிழித்துக்கொண்டு இரும்பையே தின்றிருந்தது. கீழே கறுப்புத் தூள் கோடாகப் படிந்திருந்தது. பிட்டர் இறங்கவில்லை. எட்டி, அறைக்குள் இருந்த வால்வை அடைத்தார். அடைத்து முடிப்பதற்குள், தேய்ந்த இடத்திலிருந்து ஊசிமுனை அளவு வெள்ளைப் புகை சீறியது.

அவர் ஏணியிலிருந்து பாதி குதித்தும் பாதி விழுந்தும் வெளியே வந்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. பேச முடியவில்லை. இயந்திர அறைப் பக்கம் விரலை நீட்டினார். அவளுக்குப் புரிந்தது. அறைப் பக்கத்து வால்வு அடைத்தாயிற்று, இயந்திரப் பக்கத்து வால்வு இன்னும் திறந்திருக்கிறது.

இயந்திர அறைக்குள் சுழல்விளக்கு சுற்றத் தொடங்கியிருந்தது. மணி அடிக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் வாசலை நோக்கி ஓடும்போது அவள் எதிர்த்திசையில் ஓடினாள். சுவரில் தொங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டாள். "சார், ஒண்ணாம் நம்பர நிறுத்துங்க!" என்று கத்தினாள். மேனேஜர் எங்கே நிற்கிறார், கேட்டதா, அழுத்தினாரா, எதுவும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஏணியில் ஏறினாள்.

கம்பியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. லைனிங் துணிக்குக் கீழே எல்லா வரிசையும் எரிந்தன. அதன் பக்கத்தில் குழாயிலிருந்த வால்வு சக்கரம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தாள். கால் சுற்று நகர்ந்தது. அப்போது பக்கத்தில் விளக்குகள் இறங்கத் தொடங்கின. முதலில் இடது ஓரம், பிறகு நடு, பிறகு மஞ்சள். ஒவ்வொரு வரிசையாக அடிவரை இறங்கி இருண்டது. ஒன்றாம் நம்பர் நின்றுவிட்டது. மேனேஜர் அழுத்திவிட்டார்.

ஆனால் குழாய்க்குள் அழுத்தம் இன்னும் இருந்தது. முகமூடியின் ஓரத்தில் நெடி ஏறியது. ஒரு சுற்று. இரண்டு. கைத்தோல் உரிந்தது. ஆறாவது சுற்றில் சக்கரம் முட்டி நின்றது. அதற்கு மேல் நகராது என்று தெரிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மேனேஜர் முகமூடியோடு வந்து அவள் காலைத் தட்டினார். அப்போதுதான் இறங்கினாள்.

இரண்டு பக்கமும் அடைபட்ட குழாயில் மிச்சமிருந்த வாயுவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்க மாலை நான்கு மணி ஆனது. பிட்டரின் கண்ணை ஆஸ்பத்திரியில் கழுவிவிட்டார்கள். இரண்டு நாள் சிவந்திருந்து சரியாகிவிட்டது. மேஸ்திரிக்குத் தொண்டை மட்டும் ஒரு வாரம் கரகரத்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் அந்தத் துண்டுக் குழாயை வெட்டி எடுத்தபோது, தேய்ந்த இடம் வெற்றிலைத் தடிமன்கூட இல்லை. மேனேஜர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு பெண்களும் உள்ளே இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், குழாயை மேசையில் வைத்துவிட்டார்.

அதே மறுநாள் மதியம் லாக் புத்தகத்தில் நடந்ததை எழுத வேண்டியிருந்தது. மேனேஜரே எழுதினார். ஆபரேட்டர் கருவியின் உதவியால் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து, இயந்திரத்தை நிறுத்தி, அறையைக் காலி செய்தார் என்று நல்ல வாசகமாக எழுதி அவளிடம் நீட்டினார். 'ஆபரேட்டர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டிச் சிரிக்கவும் செய்தார்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"சார், நான் நிறுத்துனது தப்பான மிஷின."

"அதனால என்ன? கடைசில கண்டுபுடிச்சியே."

"வால்வு தட்டுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். ஒன்றர மணி நேரம் அதுல போச்சு. அந்த நேரம் பூரா அவங்க உள்ள இருந்தாங்க. அண்ணன் தனக்குக் கேக்கலன்னு சொன்னது சரிதான். அது மிஷின்லயே இல்ல. நாளைக்கு இதப் படிச்சுட்டு இந்த நாற்காலில உக்கார்றவங்களுக்கு அது தெரியணும்."

மேனேஜர் பிட்டரைப் பார்த்தார். பிட்டர் சிவந்த கண்ணோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்றதும் சரிதான் சார்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவள் பார்க்கும்படி வாயைத் திறந்து, "இனிமே மிஷின்ல ஒட்டுறதுக்கு முன்னாடி கொழாய்லயும் ஒட்டிப் பாரு. மொதல்ல அதச் செய்யணும்னு எனக்கும் தோணல" என்றார்.

அவள் பேனாவை வாங்கினாள். மேனேஜரின் வாசகத்துக்குக் கீழே, இரண்டாம் இயந்திரம் தவறான காரணத்தைக் கணித்து நிறுத்தப்பட்டது, அதிர்வு பொதுக்குழாய் வழியாக வந்தது, இனி இரண்டு இடத்திலும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, வருகைப் பதிவேட்டில் இருக்கும் அந்த முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். மேனேஜர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். பிட்டர் இரண்டாம் நம்பரின் தலைப்பகுதிக்குக் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் போய் இயந்திரத்தைத் துவக்கினாள்.